400 அடிக்குக் கீழே யார் வழிவிடுவது?

பொழுதுபோக்காக ட்ரோன் விடுகிறவர்களுக்கும் ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் இடையே பல ஆண்டுகளாக ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் வழிவிட வேண்டியவர் ஒருவர்தான்.

2020 செப்டம்பர் 18 அதிகாலை. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹாலிவுட் பகுதியில் ஒரு மருந்துக் கடையில் திருடர்கள் புகுந்துவிட்டதாகப் போலீசாருக்குத் தகவல் வருகிறது. ரோந்து கார்கள் விரைகின்றன. மேலிருந்து கண்காணிக்க போலீஸ் ஹெலிகாப்டரும் வந்து சேர்கிறது. அக்கம்பக்கத்தில் வசித்த இளைஞர் ஒருவர் இந்தச் சத்தத்தைக் கேட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்ப்பதற்காகத் தன்னுடைய ட்ரோனை மேலே ஏற்றினார். அது எதிரே வருவதைப் பார்த்த விமானி விலகப் பார்த்தார். முடியவில்லை. ஹெலிகாப்டரின் முகப்பு, ஆன்டெனா, அடிப்பாக மூடிகள் எல்லாம் அடிபட்டன. அவசரமாகத் தரையிறங்க வேண்டியதாயிற்று.

உயிர்ச்சேதம் இல்லை. ஹெலிகாப்டரின் உடற்பகுதியில் பட்ட ட்ரோன், தலைக்கு மேல் சுழலும் பெரிய விசிறியில் பட்டிருந்தால் ஹெலிகாப்டரே விழுந்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு பிற்பாடு நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. கீழே விழுந்து கிடந்த ட்ரோனை வைத்தே போலீசார் அந்த இளைஞரைக் கண்டுபிடித்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாதுகாப்பற்ற முறையில் ட்ரோன் விட்டதற்காக அமெரிக்காவில் ஒருவர் குற்றவாளியானது அநேகமாக அதுவே முதல் முறை.

அந்த இளைஞருக்கு யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை. வேடிக்கை பார்க்கும் ஆசைதான். ஆனால் வேடிக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஹெலிகாப்டருக்கும் வேலை இருக்கிறது. திருட்டு, விபத்து, காட்டுத் தீ, வெள்ளம் என்று ஊர் கூடுகிற இடமெல்லாம் ஹெலிகாப்டர் தாழ்ந்து பறக்கிற இடம். இந்த மோதல்களின் மூலகாரணம் இதில் இருக்கிறது.

கோடு இருக்கிறது, பிரிவினை இல்லை

பொழுதுபோக்கு ட்ரோன் கட்டுப்பாடற்ற வான்வெளியில் 400 அடி உயரம் வரை பறக்கலாம் என்பது அமெரிக்க விதி. இந்தியாவிலும், முன்அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் அதே 400 அடிதான். விமானங்கள் அந்த உயரத்துக்கு மேலே, ட்ரோன்கள் கீழே, ஒன்றையொன்று தொடவே தொடாது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இறக்கை வைத்த விமானங்களைப் பொறுத்தவரை இது ஓரளவு சரி. நெரிசலான ஊருக்கு மேல் அவை அருகிலுள்ள உயரமான கட்டடத்தைவிட 1,000 அடியாவது மேலே இருக்க வேண்டும்; மற்ற இடங்களில் 500 அடி.

ஹெலிகாப்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தரையில் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லாதவரை அது இன்னும் தாழ்ந்து பறக்க அமெரிக்க விதி இடம் கொடுக்கிறது. கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் அதன் வேலை அப்படி. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை ஏற்ற வரும் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் சாலையிலேயே இறங்குகிறது. மின்சாரக் கம்பிகளைச் சோதிக்கும் ஹெலிகாப்டர் கம்பிக்குப் பக்கத்திலேயே ஊர்கிறது. தீயணைப்பு ஹெலிகாப்டர் ஏரியில் தண்ணீர் மொள்ள நீர்மட்டம் வரை வருகிறது. ஆகவே 400 அடிக்குள் பறக்கிறேன், நான் விதிப்படிதான் இருக்கிறேன் என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அவருடைய ட்ரோன் ஹெலிகாப்டரின் பாதையில் இருக்க முடியும். உயர வரம்புக்குக் கீழே நிற்பதோடு கடமை முடிந்துவிடவில்லை. ஆளேறிய விமானத்துக்கு வழிவிட வேண்டும், ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்று அதே விதிப் புத்தகம் சொல்கிறது. பலர் உயர வரம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

நான்கு கிலோமீட்டருக்கு அப்பால்

2017 செப்டம்பர் 21 மாலை நியூயார்க்கில் நடந்தது, மறந்ததன் விலை. ஐ.நா. பொதுச்சபை கூடியிருந்த வாரம். நகரின் வான்வெளியில் தற்காலிகக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஸ்டேட்டன் தீவுக்குக் கிழக்கே கடலுக்கு மேல் அமெரிக்க ராணுவத்தின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் சுமார் 300 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தன. பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. புரூக்ளின் கரையில் இருந்த ஒருவர் தன்னுடைய டிஜேஐ பாண்டம் 4 ட்ரோனைக் கடலுக்கு மேல் அனுப்பியிருந்தார். அது அவரிடமிருந்து இரண்டரை மைல், அதாவது நான்கு கிலோமீட்டர் போய்விட்டது. அந்தத் தூரத்தில் ட்ரோனை எந்த மனிதக் கண்ணாலும் பார்க்க முடியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கையில் இருந்த திரையை.

ட்ரோன், ஹெலிகாப்டர் ஒன்றின் சுழலும் இறக்கையில் மோதியது. உலோகம் பதிந்த அந்த இறக்கையின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத்துக்குப் பள்ளம். ஜன்னல் சட்டத்தில் விரிசல். விமானி பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் பத்திரமாகத் தரையிறக்கினார். ட்ரோனின் மோட்டாரும் கையின் ஒரு துண்டும் ஹெலிகாப்டருக்குள்ளேயே சிக்கியிருந்தன. அந்த மோட்டாரில் இருந்த தொடர் எண்ணை வைத்துத் தயாரிப்பு நிறுவனத்தின் விற்பனைப் பதிவேடு வழியாக உரிமையாளரைத் தேடிப் பிடித்தது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதிகாரிகள் தொடர்புகொண்டபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. திரையில் காட்சி நின்றதும், ஏதோ கோளாறில் ட்ரோன் கடலில் விழுந்துவிட்டது என்று எண்ணி அவர் வீட்டுக்குப் போயிருந்தார்.

விசாரணை அறிக்கையில் நெஞ்சை உறுத்தும் பகுதி இது. தன் ட்ரோன் மனிதர்கள் இருந்த ஒரு ஹெலிகாப்டரில் மோதிவிட்டது என்பதே ஒருவருக்குத் தெரியாமல் போகிறது. கட்டுப்பாடுகள் இருந்தால் செயலி எச்சரிக்கும் என்று அவர் நம்பியிருந்தார். பார்க்க வேண்டிய கண்ணை ஒரு செயலியிடம் ஒப்படைத்துவிட்டார்.

பன்னிரண்டரை விநாடி

'ஹெலிகாப்டரில் இரண்டு விமானிகள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்து விலகக்கூடாதா?' ட்ரோன் ஆர்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

எதிரே ஒரு பொருளைக் கண்டு, அது இன்னதென்று அறிந்து, மோதும் பாதையில் வருகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் அதற்குக் கீழ்ப்படிந்து விலகுவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ விமானிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு. மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஹெலிகாப்டர் ஒரு விநாடியில் 51 மீட்டர் கடக்கும். 12.5 விநாடியில் 640 மீட்டர் ஆகிவிடும். அதாவது குறைந்தது அந்தத் தூரத்திலேயே ட்ரோனை விமானி பார்த்தாக வேண்டும். பாண்டம் 4 மூலைக்கு மூலை 35 சென்டிமீட்டர். 640 மீட்டரில் அது, கையை நீட்டிப் பிடித்தால் விரல் நுனியில் தெரியும் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி. அதற்குப் பின்னால் கட்டடங்கள், மரங்கள், அலைகள், நகர விளக்குகள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். மோதும் பாதையில் வரும் பொருளோ விமானியின் கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கும். இடமோ வலமோ நகராது. கடைசி நொடிகளில் மட்டும் திடீரென்று பெரிதாகும். விலகிப் போகிற ட்ரோன்தான் எளிதில் கண்ணில் படும். மோதப்போகிற ட்ரோன் கடைசிவரை ஒளிந்திருக்கும்.

தரையில் இருப்பவருக்கு நிலைமை வேறு. ஹெலிகாப்டர் பெரியது. அது வருவதற்கு முன்பே பெரும்பாலும் அதன் சத்தம் வந்துவிடும். தரையில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு தலையைத் தூக்கினால் போதும். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் காதை மூடிய ஹெட்செட்டோடு அமர்ந்திருக்கும் விமானிக்கு ட்ரோனின் ரீங்காரம் ஒருபோதும் கேட்காது.

பறவையைவிடக் கடினம்

பறவைகள் காலங்காலமாக விமானங்களில் மோதுகின்றனவே, ட்ரோன் மட்டும் என்ன புதிது என்றும் கேட்கிறார்கள். எஃப்ஏஏவுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அதே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் அதிகச் சேதம் விளைவிக்கும் என்பது அதன் முடிவு. பறவையின் உடம்பில் பெரும்பகுதி நீர், மோதியதும் சிதறிவிடும். ட்ரோனில் மோட்டார், பேட்டரி, கேமரா எல்லாம் இறுகிய திடப்பொருள். அவை துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

அதே ஆண்டில் பிரிட்டன் அரசும் ராணுவ விமானத் துறையும் விமானிகள் சங்கமும் சேர்ந்து நடத்திய ஒரு சோதனையின் முடிவுகள் வெளியாயின. பறவை மோதலுக்கென்று சான்று பெறாத ஹெலிகாப்டர் கண்ணாடி, வழக்கமான பயண வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே ட்ரோன் பட்டு உடைந்துவிடும் என்று அந்தச் சோதனை காட்டியது. வாலில் உள்ள சிறு விசிறியும் அதேபோல் பலவீனமானது. அது போனால் ஹெலிகாப்டரின் திசைக் கட்டுப்பாடு போய்விடும். பயணிகள் விமானத்துக்கு இரண்டு எஞ்சின், தடித்த கண்ணாடி, உயரம், நேரம் எல்லாம் உண்டு. 300 அடியில் இருக்கும் ஹெலிகாப்டர் விமானிக்குத் தவறைத் திருத்த இடமும் இல்லை, நேரமும் இல்லை.

ஆர்வலர்களின் ஆதங்கம்

இத்தனையும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் ஆர்வலர்களின் சங்கம் 1936லேயே தொடங்கப்பட்டது. பால்சா மரத்தைச் செதுக்கி, எஞ்சின் பொருத்தி, ஊருக்கு வெளியே கிளப் மைதானத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கப் பறக்கவிட்டுப் பழகிய தலைமுறைகள் அவர்கள். பின்னாளில் விமானிகளும் விமானப் பொறியாளர்களும் ஆன பலர் அந்த மைதானங்களில் தொடங்கியவர்கள். கண்ணைவிட்டு விமானத்தை அகற்றாதே என்பது அவர்களுக்குச் சட்டம் வருவதற்கு முன்பே தெரிந்த பால பாடம்.

கேமரா ட்ரோன் பெட்டியில் வந்து இறங்கிய பிறகு, பழக்கமே இல்லாதவர் வாங்கிய அன்றே அதைக் கிலோமீட்டர் கணக்கில் அனுப்ப முடிந்தது. அவர்கள் செய்த பிழைக்கு நாங்களும் சேர்த்து விதிகளைச் சுமக்கிறோம் என்பது பழைய ஆர்வலர்களின் வருத்தம். 2015இல் ட்ரோன் உரிமையாளர்கள் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. ஆர்வலர் ஒருவர் வழக்குப் போட, 2017 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொழுதுபோக்குப் பதிவை ரத்து செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குப் பின் இலவசத் தேர்வு ஒன்று வந்தது. பிறகு, பறக்கும்போதே அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் 'ரிமோட் ஐடி' வந்தது. 2024 மார்ச் முதல் அது கறாராக அமலில் இருக்கிறது.

விமானிகள் கொடுக்கும் புகார்கள் எல்லாம் ட்ரோன்தானா என்ற சந்தேகமும் ஆர்வலர்களுக்கு உண்டு. விமான நிலையங்களுக்கு அருகே ட்ரோன் கண்டதாக மாதந்தோறும் நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வருவதாக எஃப்ஏஏ சொல்கிறது. அவற்றில் பலூன், பறவை, பறந்த பிளாஸ்டிக் பை எத்தனை என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் விமான நிலையம் ட்ரோன் பயத்தில் மூடிக்கிடந்தது; சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். கடைசிவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. உறுதியான மோதல்கள் குறைவு என்பதும் உண்மைதான்.

இந்த வாதங்களை விமானிகள் தள்ளிவிடக் கூடாது. ஆனால் மோதல் குறைவாக நடக்கிறது என்பதால் ஒரு மோதலின் விளைவு சிறிதாகிவிடாது. பழைய கிளப் ஆர்வலர்கள் காட்டிய ஒழுக்கமே புதியவர்களுக்கும் வர வேண்டும் என்பதைத்தான் அவர்களுடைய வருத்தமும் சொல்கிறது.

தீயும் வெள்ளமும்

2015 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் நெடுஞ்சாலைக்கு அருகே தீ பரவியது. வண்டிகளை விட்டு மக்கள் ஓடினார்கள். தீயணைப்பு விமானங்கள் வந்த நேரத்தில் ஐந்து ட்ரோன்கள் அங்கே வட்டமிட்டுக்கொண்டிருந்தன. விமானங்கள் சுமார் 20 நிமிடம் பின்வாங்க வேண்டியிருந்தது. சாலையில் ஏறக்குறைய 20 வாகனங்கள் எரிந்துபோயின. 'நீங்கள் பறக்கவிட்டால் எங்களால் பறக்க முடியாது' என்பதை அமெரிக்க வனத்துறை தன் முழக்கமாகவே வைத்திருக்கிறது.

முழக்கம் எல்லார் காதிலும் விழவில்லை. 2025 ஜனவரி 9, லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸ் தீ எரிந்துகொண்டிருந்தபோது, சான்டா மோனிகாவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ஒருவர் அனுப்பிய சின்னஞ்சிறு ட்ரோன் இரண்டரைக் கிலோமீட்டர் போய், கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்திருந்த தண்ணீர் விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலம். அந்த ட்ரோன் 250 கிராம்கூட இல்லாத வகை. ஊர் எரியும் நேரத்தில் அந்த விமானம் நிறுத்திவைக்கப்பட்டது. ட்ரோன் விட்டவர் 65,000 டாலருக்கு மேல் இழப்பீடும் 150 மணி நேரச் சமூகப் பணியும் ஏற்றுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதே 2025 ஜூலையில் டெக்சாஸின் கெர் மாவட்டத்தில் குவாடலூப் ஆறு கரை புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீட்புப் பணியில் இருந்த ஹெலிகாப்டர் ஒன்றில், தடை செய்யப்பட்ட வானில் பறந்த தனியார் ட்ரோன் மோதியது. ஹெலிகாப்டர் அவசரமாக இறங்கியது. அதற்குப் பிறகு அதை மீட்புக்கு அனுப்ப முடியவில்லை. காணாமல் போன குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்போது ஒரு ஹெலிகாப்டர் குறைவது என்றால் என்னவென்று தேடிக்கொண்டிருந்த பெற்றோருக்குத்தான் தெரியும்.

நம் ஊர் வானிலும்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டம் தீவாகிப்போனபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்தும் உணவு வந்தது. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே காடு எரிந்தபோது விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் ராட்சத வாளியைத் தொங்கவிட்டு நீர் மொண்டு ஊற்றியது. மலைச்சரிவை ஒட்டி, தாழ்வாக, புகைக்குள் பறக்கும் வேலை. அந்த நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ட்ரோன் எழும்பினால் விமானி திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்யாண வீடு முதல் கோயில் தேர் வரை இன்று ட்ரோன் இல்லாத நிகழ்ச்சி இல்லை. வெள்ளம் வந்த மறுமணி நேரமே மேலிருந்து எடுத்த காட்சிகள் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகின்றன. 2021இல் வந்த இந்திய ட்ரோன் விதிகள், ஆளேறிய விமானத்துக்கு வழிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. தேவைப்பட்டால் ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை, அனுமதியின்றி ட்ரோன் பறக்கக் கூடாத தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றி விடும் இரண்டு கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் தேவையில்லை என்பதைப் பலர் விதியே இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். பாலிசேட்ஸில் ஓட்டை போட்டதும் நானோ அளவு ட்ரோன்தான்.

அறிய முடிந்தவரே விலக வேண்டும்

கருவிகள் இதைத் தீர்த்துவிடாதா? பாதி தீர்க்கும். ஹெலிகாப்டர்கள் பல தங்கள் இருப்பிடத்தை ஏடிஎஸ்-பி என்ற வானொலிச் சமிக்ஞையால் அறிவிக்கின்றன. புதிய ட்ரோன்கள் பல அதைப் பெற்று, ஹெலிகாப்டர் நெருங்குகிறது என்று ரிமோட் திரையில் எச்சரிக்கின்றன. எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான ட்ரோன்கள் அதே சமிக்ஞையை அனுப்பினால் அலைவரிசை திணறிவிடும் என்பதால், சிறு ட்ரோன்கள் அதை அனுப்ப அமெரிக்காவில் அனுமதி இல்லை. ரிமோட் ஐடியோ குற்றத்துக்குப் பின் ஆளைக் கண்டுபிடிக்க உதவும் நம்பர் பிளேட். எதிரே வருபவரை எச்சரிக்கும் ஹாரன் ஆகாது. தடை மண்டலத்தில் ட்ரோனை எழும்பவிடாமல் பூட்டும் மென்பொருள் தடையையும் டிஜேஐ நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் நீக்கிவிட்டது. அதற்குப் பதில் எச்சரிக்கை மட்டுமே வரும். முடிவு விடுகிறவர் கையில்.

கண்ணாலும் காதாலும் கருவியாலும் முதலில் அறிய முடிந்தவர் தரையில் நிற்பவர். விலகினால் எதையும் இழக்காதவரும் அவரே. ட்ரோனில் யாரும் இல்லை. ஹெலிகாப்டரில் விமானி இருக்கிறார், சில வேளை ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளியும் இருக்கிறார். யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வி இங்கேயே முடிந்துவிட வேண்டும். ஆனால் வணிக ட்ரோன்கள் வெகுதூரம் பறப்பதற்காக எஃப்ஏஏ 2025 ஆகஸ்டில் முன்வைத்த வரைவு விதிகள், சமிக்ஞை அனுப்பாத ஆளேறிய விமானங்கள் சில இடங்களில் ட்ரோனுக்கு வழிவிட வேண்டும் என்கின்றன. ஹெலிகாப்டர் விமானிகளும் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானிகளும் இதை எதிர்க்கிறார்கள். பார்க்கவே முடியாத ஒன்றுக்கு வழிவிடு என்று சொல்வது எப்படி நியாயமாகும்? ஹெலிகாப்டர்கள் எல்லாம் சமிக்ஞை அனுப்ப வேண்டும் என்று கேட்பது சரி. அந்தச் செலவுக்கு அரசு உதவ வேண்டும் என்று கேட்பதும் சரி. வழியின் உரிமையை மாற்றுவது சரியல்ல.

அரசுகளுக்கும் வேலை இருக்கிறது. பேரிடர் வந்ததும் இந்தப் பகுதியில் ட்ரோன் கூடாது என்று மக்கள் மொழியில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். மீட்புப் பணிக்கு ட்ரோன் தர விரும்பும் ஆர்வலர்கள் யாரிடம் பேசுவது என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் அனுமதியோடு பறக்கும் ட்ரோன், காணாமல் போனவரைத் தேடுவதில் ஹெலிகாப்டருக்கே துணை நிற்கும்.

மற்றதெல்லாம் ட்ரோன் வைத்திருப்பவர் கையில். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல், முதலில் ட்ரோனைக் கீழே இறக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அனுப்பாதீர்கள். தீயோ வெள்ளமோ விபத்தோ நடந்த இடத்தில் அழைக்கப்படாமல் பறக்கவிடாதீர்கள். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம். ட்ரோன் விற்கும் ஒவ்வொரு கடையிலும், எப்படி மேலே ஏற்றுவது என்று சொல்லித்தருவதற்கு முன்னால், எப்போது இறக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். வாங்குகிறவரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே பணத்தைக் கொடுக்க வேண்டும்.